மூதூரும் குடியிருப்பும்: தமிழ்ப் புனைவுலகில் தலைநகர்

பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் கூறும் தண்டியலங்காரம், அதன்கண் வருணிக்கப்பட வேண்டியவற்றை எண்ணுமிடத்து மலை, கடல், நாடு ஆகியவற்றோடு நகரையும் சேர்த்துரைக்கிறது. இவ்விதி தோன்றுவதற்கு முன்னரே தமிழ்ப் புலவர் தலைநகரைப் பாடும் முறையில் ஓர் ஒழுங்கைக் கண்டிருந்தனர். மதுரைக்காஞ்சியில் அகழி முதலில் வருகிறது, பின்னர் மதில், அதன்பின் வாயில், அதனைக் கடந்தால் ஆற்றை ஒத்து அகன்று நீளும் தெரு, தெருவுக்குள் அங்காடி. புறத்திலிருந்து அகத்தை நோக்கிச் செல்லும் இந்நடை சீவகசிந்தாமணியிலும் கம்பராமாயணத்திலும் பெரிதும் மாறாமல் தொடர்கிறது. நகரம் என்பது நடந்து சென்று சேரவேண்டிய ஓர் அரியணையைச் சூழ்ந்த வட்டங்கள் என்பது அவ்வொழுங்கின் உட்கிடை.

இருபதாம் நூற்றாண்டில் தமிழ் எழுத்தாளர் சிலர் உண்மையாகவே ஒரு தலைநகரில் குடியேறினர். அவர்கள் தில்லியைக் களனாகக் கொண்டு எழுதியபோது இவ்வொழுங்கு என்னவாயிற்று? தில்லியின் தென்பகுதியில் உள்ள மோதி பாக் என்னும் அரசுக் குடியிருப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் நிலைக்களனாக வைத்துக்கொண்டு, தலைநகரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் வரலாற்றினூடாக இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

நகர், புரம், பாக்கம்

மோதி பாக்கைச் சுற்றியுள்ள இடங்களின் பெயர்களை ஒருவர் வரைபடத்தில் நோக்கினால் காப்பியம் ஒன்றன் பெயரகராதியைப் புரட்டுவது போன்றிருக்கும். வடக்கே சாணக்கியபுரி. தென்மேற்கே இராமகிருஷ்ணபுரம். கிழக்கே நேதாஜி நகர், சரோஜினி நகர், நௌரோஜி நகர், லட்சுமிபாய் நகர். சாணக்கியபுரியின் சாலைகள் சாந்தி, நீதி, நியாயம், சத்தியம், வினயம் ஆகிய பண்புகளின் பெயரைத் தாங்கியவை. முத்திராராட்சசம் என்னும் வடமொழி நாடகத்தில் பாடலிபுத்திரத்து அரசியலைத் திரைக்குப் பின்னிருந்து இயக்கும் அமைச்சனின் பெயரை, அயல்நாட்டுத் தூதரகங்களுக்கென 1950களில் உருவான ஒரு பகுதிக்கு இட்டதில் நகரமைத்தோரின் இலக்கிய உணர்வு வெளிப்படுகிறது.

இப்பெயர்களின் ஈறுகள் சொல்லாய்வாளர்க்கு விருந்தாகும். சங்கச் செய்யுட்களில் 'நகர்' என்னும் சொல் பல இடங்களில் ஊரைக் குறிப்பதன்று. செல்வர் இல்லத்தை, அரண்மனையை, ஒரோவழிக் கோயிலைக் குறிப்பது. பின்னர் அது விரிந்து பேரூருக்கு ஆயிற்று. இன்று மீண்டும் சுருங்கி, பேரூரின் ஒரு பகுதியை மட்டும் சுட்டுகிறது. சென்னையின் தியாகராய நகரும் தில்லியின் சரோஜினி நகரும் இவ்வகையில் ஒன்றே. வீடு, மாநகரம், குடியிருப்புப் பகுதி என ஒரே சொல் மூன்று அளவுகளைக் கடந்து வந்துள்ளது. சங்கப் பாடலை மொழிபெயர்ப்போர் இம்மூன்றில் எதனைக் கொள்வது என்று ஒவ்வோரிடத்தும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டியுள்ளது. தலைவி இருக்கும் நகரை மாநகரம் என்று பெயர்த்தால், ஒரு வீட்டு வாயிலில் நிகழும் காட்சி ஊர்த்திடலுக்குச் சென்றுவிடும்.

'இராசதானி'யின் கதை இன்னும் விந்தையானது. அரசன் உறையும் இடம் என்னும் பொருளுடைய இவ்வடசொல், ஆங்கிலேயர் ஆட்சியில் 'சென்னை இராசதானி' என்று ஒரு மாகாணம் முழுமைக்கும் ஆகிவந்தது. தலைநகரின் பெயர் நாட்டின் பெயராயிற்று. அக்கால ஆவணங்களைப் பெயர்ப்போர் ஈண்டு வழுக்கி விழுதல் எளிது. இன்றைய தமிழரிடம் அச்சொல் பெரிதும் ஒரு விரைவு வண்டியின் பெயராகவே எஞ்சியுள்ளது.

'மோதி பாக்' என்பதற்கு முத்துத் தோட்டம் என்பது பொருள். 'பாக்' தோட்டத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். அதனைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது இரு இடர்ப்பாடுகள் நேர்கின்றன. 'மோதி' தமிழில் தாக்குதலைக் குறிக்கும் வினையெச்சமாகவும் படிக்கப்படும். 'பாக்' என்பதன் முதலெழுத்தின் ஒலிப்புடைமை எழுத்தில் மறைந்துவிட, புகாரின் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் முதல் சென்னையின் கோடம்பாக்கம் வரையுள்ள 'பாக்கம்' என்னும் ஈற்றோடு அது உறவுடையது போலத் தோன்றும். உறவு ஏதுமில்லை. எனினும் இடப்பெயராய்வில் இத்தகைய போலி ஒப்புமைகள் எத்தனை கட்டுரைகளை விளைவித்துள்ளன என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர்.

எங்குமில்லாத ஓர் இராசமாபுரம்

தமிழில் முழுதும் புனைவாலேயே எழுப்பப்பெற்ற தலைநகர் எது என்று வினவினால், சீவகசிந்தாமணியின் இராசமாபுரத்தையே முதலில் சுட்டல் வேண்டும். புகாரும் மதுரையும் நிலத்தில் இருந்தவை. அயோத்தியும் கோசம்பியும் வடபுல மரபில் இடம் பெற்றவை. ஏமாங்கத நாட்டின் தலைநகரான இராசமாபுரமோ சமணக் கதை மரபில் மட்டும் வாழ்வது. வடமொழியில் இக்கதையைச் சொல்லும் நூல்கள் இந்நகரை இராசபுரம் என்றும் இராசபுரி என்றும் வழங்குகின்றன. திருத்தக்கதேவர் இடையில் ஒரு 'மா'வைச் செருகினார். யாப்புக்காகச் செருகியது என்று கூறிவிடலாம். ஆயின் 'அரசன் ஊர்' என்னும் எளிய பெயர் இவ்வோரெழுத்தால் 'அரசனின் மாபெரும் ஊர்' என்று உயர்ந்தமை மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. பெயர்ச்சொற்களை ஒலிபெயர்த்தால் போதும் என்று எண்ணுவோர்க்கு இது நல்ல மறுப்பு.

நாமகள் இலம்பகத்தில் தேவர் இந்நகரைக் கட்டும் முறை மதுரைக்காஞ்சி காட்டிய ஒழுங்கையே பின்பற்றுகிறது. அகழி, மதில், மதிலின் மீதுள்ள போர்ப்பொறிகள், வீதி, மாளிகை, அரசன் என வட்டம் சுருங்கிக்கொண்டே செல்கிறது. மதிற்பொறிகளின் பட்டியல் குறிப்பிடத்தக்கது. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் மதுரை மதிலுக்கு இத்தகைய பட்டியல் உண்டு. அதற்கு அடியார்க்குநல்லாரும் சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியரும் எழுதிய உரைகள் இல்லையேல் இப்பொறிகளின் பெயர்களில் பல நமக்கு வெற்றொலிகளாகவே நின்றிருக்கும். உரைகளோடு படித்தபின்னும் அவற்றைப் பிறமொழியில் பெயர்க்க முற்படுவோர், குரங்கு வடிவான பொறியையும் பன்றி வடிவான பொறியையும் படிப்போர் நகையாதவாறு எவ்வாறு நிறுத்துவது என்று திகைப்பர்.

இத்துணைப் பெருமிதத்தோடு எழுப்பிய நகரைத் தேவர் விரைவில் கவிழ்த்துவிடுகிறார். அமைச்சன் கட்டியங்காரன் அரசைக் கவர்கிறான். கருவுற்ற அரசி விசயை மயில் வடிவான பறக்கும் பொறியில் ஏறித் தப்புகிறாள். அப்பொறி அவளைக் கொண்டுசேர்ப்பது நகர்ப்புறத்துச் சுடுகாட்டில். காப்பியத் தலைவன் பிறப்பது அங்கேதான். அரியணைக்கு உரியவன் தலைநகரின் விளிம்பில் பிறந்து, கந்துக்கடன் என்னும் வணிகன் மகனாக அதே நகரத்தில் வளர்ந்து, அதனைவிட்டு நீங்கி, பல நாடுகளில் திரிந்த பின்னரே அதன் நடுவுக்குத் திரும்புகிறான். புறத்திலிருந்து அகத்துக்குச் செல்லும் வருணனை ஒழுங்கு ஒரு மனிதனின் வாழ்க்கை ஒழுங்காகவே மாறிவிடுகிறது. மதிலையும் அகழியையும் வெறும் மரபு வருணனை என்று தாண்டிச் செல்லும் மொழிபெயர்ப்பு இக்கட்டமைப்பை இழந்துவிடும். சுருக்கப் பதிப்புகளில் முதலில் கத்தரிக்கப்படுவது நகர வருணனையே என்பதால் இதனை ஈண்டு வற்புறுத்திக் கூற வேண்டியுள்ளது.

ஊர் காண்போர்

சிலப்பதிகாரம் தன் மூன்று காண்டங்களுக்கும் தலைநகரங்களின் பெயரையே சூட்டிக்கொண்ட நூல். புகார்க்காண்டம் 10 காதைகள், மதுரைக்காண்டம் 13, வஞ்சிக்காண்டம் 7. இம்மூன்றையும் இளங்கோவடிகள் ஒரே வகையில் காட்டவில்லை. புகாரை விழாவின் வழியாகக் காட்டுகிறார். மருவூர்ப்பாக்கத்தில் கடல்வழி வந்த யவனரும் பிறரும் கலந்துறைகின்றனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதி, வணிகர் தெரு, மறையோர் இருக்கை, உழவர் தெரு, மருத்துவர், கணியர் என்று தொழிலாலும் நிலையாலும் தெருக்கள் பிரிகின்றன. இரு பாக்கங்களுக்கும் நடுவே நாளங்காடி. மதுரையையோ ஓர் அயலானின் கண்களால் காட்டுகிறார். பொருளிழந்து வந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுத் தனியே உள்ளே சென்று மணி, பொன், துணி, கூலம் விற்கும் வீதிகளைப் பார்த்துத் திரும்புகிறான். அப்பகுதியின் பெயர் ஊர்காண் காதை.

பாண்டியன் தலைநகர் ஈண்டு 'ஊர்' எனப்படுவது நோக்கத்தக்கது. கம்பராமாயணத்தில் அயோத்தியைப் பாடுவது நகரப் படலம். அனுமன் இலங்கைக்குள் புகுந்து சீதையைத் தேடுவது ஊர் தேடு படலம். நிலைபெற்ற பார்வையில் நகராக இருப்பது, வந்து நுழைபவன் பார்வையில் ஊராகிறது எனக் கருத இடமுண்டு. காதைப் பெயர்களும் படலப் பெயர்களும் ஏடெழுதியோர் இட்டவையாகவும் இருத்தல் கூடும் என்பதால் இக்கருத்தை மிகையாக வலியுறுத்தல் பொருந்தாது. ஆனால் 'மூதூர்' என்னும் சொல் நூல்களின் உள்ளேயே தலைநகரங்களுக்கு அடைமொழியாக வழங்குவதில் ஐயமில்லை. தலைநகரின் பெருமை அதன் பழமையில் உள்ளது. பழமை என்பது குடிகள் தலைமுறைகளாக அங்கு வாழ்ந்திருப்பது. 'ஊர்' என்னும் சொல்லில் இக்குடிமரபு உறைகிறது.

வடபுலத் தலைநகர் தமிழருக்கு நெடுங்காலம் கேள்வியளவில் நின்ற ஒன்று. கங்கை, சோணை என்னும் ஆறுகளை அடுத்த பாடலி சங்கப் பாடல்களில் செல்வத்தின் எல்லையாக வருகிறது. அகநானூற்றில் அது நந்தர் கங்கையின் அடியில் மறைத்து வைத்த பெருநிதியின் இடம். குறுந்தொகைத் தலைவி ஒருத்தி, தலைவன் வரவைக் கண்டு சொன்னவனுக்குப் பாடலியே பரிசாகக் கிடைக்கட்டும் என்கிறாள். அவ்வூரின் தெருவோ மதிலோ அப்பாடல்களில் இல்லை. அதன் பெயரே போதுமானதாயிருந்தது. பெருங்கதையின் கொங்குவேளிர் இதற்கு மாறாக வடநகரங்களைத் தமிழ்த் தெருக்களால் நிரப்பினார். உச்சயினி உஞ்சையாயிற்று, வத்சம் வத்தவமாயிற்று, அவை காண்டப் பெயர்களாகவும் அமைந்தன. ஒலியளவில் முழுதும் தமிழாகிவிட்ட அந்நகரங்களில் படிப்போர்க்கு அயன்மை தோன்றுவதே இல்லை.

இக்கால வரலாற்றுப் புதினங்களைப் பற்றி ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. கல்கி 1950களின் முற்பாதியில் எழுதிய பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் பனை இலச்சினையைக் காட்டித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைவதும், சாண்டில்யனின் யவன ராணியில் புகார் மீண்டும் எழுவதும், நா. பார்த்தசாரதி கபாடபுரத்துக்கே ஒரு புதினம் எழுதியதும் பழைய நடையின் தொடர்ச்சியே. இறையனார் அகப்பொருள் உரை சில தொடர்களில் குறிப்பிட்டுக் கடலுக்குக் கொடுத்துவிட்ட ஒரு தலைநகரை முழுப் புதினமாக விரிக்க முடிந்ததென்றால், மரபு தந்த வரைபடம் அத்துணை வலுவாக இருந்தது என்பதே காரணம்.

அரியணை இல்லாத வருணனை

பிரித்தானிய இந்தியாவின் தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்பது 1911 டிசம்பர் 12ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. புது தில்லி 1931 பிப்ரவரியில் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. அரசு அலுவலகங்களோடு தமிழரும் வந்தனர். தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தோன்றியது. அதன் கட்டடம் இன்று இராமகிருஷ்ணபுரத்தில் உள்ளது. அதே இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின் மீதுள்ள முருகன் கோயிலுக்கு 1973இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்று மோதி பாக்கில் இயங்குகிறது. கணையாழி இதழை 1965இல் கஸ்தூரிரங்கன் தில்லியிலிருந்தே தொடங்கினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியும், தில்லியில் பணியாற்றிய ஆதவனும் இச்சூழலில் எழுதியவர்கள்.

இவர்கள் புதினங்களில் மதிலும் அகழியும் இல்லை என்று கூறுவது எளிது; அவற்றின் இடத்தில் என்ன உள்ளது என்பதே வினா. அரசுக் குடியிருப்புகள் உள்ளன. அவை அதிகாரியின் ஊதியத்தை ஒட்டி வகை எண் இட்டுப் பிரிக்கப்பட்டவை. ஒருவரது முகவரியைக் கேட்டாலே அவரது பதவி புலப்பட்டுவிடும். இளங்கோவடிகளின் பட்டினப்பாக்கம் தொழிலால் பகுக்கப்பட்டது. தில்லியின் குடியிருப்பு ஊதியத்தால் பகுக்கப்பட்டது. தமிழர் இதற்கு 'குவார்ட்டர்ஸ்' என்னும் சொல்லையே வழங்கினர். 'குடியிருப்பு' என்பது எழுத்தில் நின்றதே அன்றிப் பேச்சில் ஏறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. குடியிருத்தல் நிலைத்தலைக் குறிப்பது. குவார்ட்டர்ஸ் பணி ஓய்வு பெற்றதும் திருப்பித்தர வேண்டியது. மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழ்ந்து ஊரை மூதூராக்கும் வாய்ப்பு அதன் விதிகளிலேயே இல்லை.

ஆதவனின் காகித மலர்கள் தில்லியில் உயர் அதிகாரி ஒருவரின் குடும்பத்தை நடுவாகக் கொண்டது. அதிகாரம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் நடந்து சென்று சேர வேண்டிய அரண்மனை என்று ஒன்று அங்கு இல்லை. விருந்து, பேருந்து, கல்லூரி, கடைத்தெரு ஆகிய இடங்களில் ஒவ்வொருவரும் தாம் ஏற்ற வேடத்தைப் பிறர் கண்ணில் சரிபார்த்துக்கொள்கின்றனர். நகரம் வருணிக்கப்படுவதற்கு மாறாகப் பாத்திரங்களின் தன்னுணர்வில் கரைந்து கிடக்கிறது. இந்திரா பார்த்தசாரதியின் தந்திர பூமியும் சுதந்திர பூமியும் அதிகார வட்டத்துக்குள் நுழையும் தமிழரைக் காட்டுபவை. சுதந்திர பூமியில் அந்நுழைவு ஓர் அரசியல்வாதியின் வீட்டுச் சமையலறை வழியே நிகழ்கிறது. வாயிற்காவலரையும் கொடிமாடத்தையும் தாண்டிச் செல்லும் பழைய பயணத்தின் எள்ளல் வடிவம் இது எனலாம். நடுவை அடைந்தபின் அங்கு அரசன் இல்லை. வேறொரு வாயிலைக் கைகாட்டும் தரகரே உள்ளனர். இவற்றுள் காகித மலர்களே நுட்பமான படைப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அரசியல் எள்ளல் காலத்தோடு மங்கக்கூடியது. ஒரு விருந்தில் பேச்சின் நடுவே ஒருவர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொள்ளும் கணம் அவ்வாறன்று.

இப்புதினங்களில் 'ஊர்' என்னும் சொல் பெறும் பொருளே நம் ஆய்வின் உயிர்நிலை. தில்லித் தமிழர் 'ஊருக்குப் போகிறோம்' என்றால் தஞ்சைக்கோ நெல்லைக்கோ பாலக்காட்டுக்கோ போவதாகப் பொருள். தில்லி அவர்களுக்கு ஊரன்று. சிலப்பதிகாரத்தில் தலைநகரின் பெயராக இருந்த சொல், தலைநகர் அல்லாத இடத்தின் பெயராக ஆயிற்று. காண்டற்குரிய ஊர் முன்னே இருந்த நிலை மாறி, விட்டு வந்த ஊர் பின்னே நிற்கிறது. 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற குருதிப்புனலில் இப்பயணத்தின் மறுதலையைக் காண்கிறோம். தில்லியில் வாழ்ந்த கோபால் தஞ்சைக் கிராமம் ஒன்றில் வந்து தங்குகிறான்; அவனைத் தேடி நண்பன் சிவா தில்லியிலிருந்து வருகிறான். கோவலன் மதுரையைக் கண்டது போலத் தலைநகரத்தார் கிராமத்தைக் காண்கின்றனர். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று நிகழ்ந்த கொடுமையைத் தழுவிய அப்புதினத்திலும் இறுதியில் தீயே எழுகிறது. மதுரையில் எரிந்தது அநீதி இழைத்த அரசனின் நகர். இங்கு எரிவது அநீதிக்கு ஆளானோரின் குடிசை.

மோதி பாக்கின் பழைய அரசுக் குடியிருப்பில் ஒரு பகுதி இந்நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, உயர் அதிகாரிகளுக்கான புதிய மோதி பாக் எழுந்தது. 2018இல் மெட்ரோ இரயிலின் இளஞ்சிவப்புத் தடம் இவ்வழியே திறக்கப்பட்டபோது, நிலையத்தின் பெயரில் மைசூரின் பொறியாளர் விசுவேசுவரய்யா இடம் பெற்றார். அடுத்த நிலையம் சென்னையில் ஆந்திர மகிள சபையை நிறுவிய துர்காபாய் தேஷ்முக் பெயரால் விளங்குகிறது. 1707இல் குரு கோவிந்த் சிங் தங்கியதை நினைவூட்டும் குருத்துவாராவும் இங்கேதான் உள்ளது. தென்னாட்டுப் பெயர்களும் பஞ்சாபின் நினைவும் ஓரிடத்தில் அடுத்தடுத்து நிற்க, அங்கு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்றுச் சென்ற குடும்பங்களுக்குச் சுட்டிக்காட்ட ஒரு வீட்டு எண் கூட எஞ்சவில்லை.

இப்புதினங்களை இந்தியில் பெயர்ப்போர் 'ஊர்' என்பதற்குக் 'காவ்ங்' என்று எழுதும்போது கும்பகோணம் சிற்றூராகிவிடுகிறது. 'ஷஹர்' என்றால் உறவு அறுகிறது. 'வதன்' என்பதில் நாட்டுப்பற்றின் சாயல் ஏறிவிடும். பழைய வழக்கான 'தேஸ்' என்பதே ஓரளவு பொருந்துகிறது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் பிழைக்கச் சென்ற பீகாரிகளும் கிழக்கு உத்தரப்பிரதேசத்தாரும் தாம் விட்டுவந்த இடத்தை அச்சொல்லாலேயே குறித்தனர். கன்னடத்திலும் தெலுங்கிலும் 'ஊரு' உள்ளதால் இடர்ப்பாடு இல்லை. மலையாளத்தில் 'நாட்டில் போகுன்னு' என்பதே இயல்பான வழக்கு. அங்கு 'நாடு' என்று எழுதாமல் தமிழைப் பின்பற்றி 'ஊர்' என்று எழுதினால் தில்லியில் பக்கத்து வீட்டு மலையாளிக்கே அத்தொடர் விளங்காது.